ஃபுமியே கையெழுத்துப் போடாத திங்கட்கிழமை

டொரன்டோவுக்கு நான் டென்னிஸ் பார்க்கப் போகவில்லை. அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போனேன். கல்யாணம் முடிந்து, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் வாழைமரங்களை மண்டபத்துக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, மிச்ச லட்டுகளை அக்கம்பக்கத்தில் பங்கிட்டு முடித்தபோது எனக்கு ஊர் திரும்ப ஐந்து நாள் பாக்கி இருந்தது. கால் வீங்கியிருந்தது. வந்து பத்து நாளாகியும் மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகியது. ஐம்பத்தைந்து வயதில் கண்டம் தாண்டிப் பந்தி பரிமாறினால் இப்படித்தான் ஆகும்.

படுத்துக் கிடக்கலாம் என்றிருந்தேன். ஆனால் நான் ஒரு சென்னைப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவன். அந்த வாரம் டொரன்டோவில் பெண்களுக்கான பெரிய டென்னிஸ் போட்டி ஆரம்பம். ஆசிரியர் போனில் பிடித்துவிட்டார். "அங்கேதானே இருக்கீங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்து எழுதிடுங்க" என்றார். அவருக்கு டொரன்டோ என்றால் தியாகராய நகரிலிருந்து மாம்பலம் போகிற தூரம் என்று நினைப்பு.

ஒரு எட்டில் போக முடியாது என்பது சனிக்கிழமையே தெரிந்தது. அக்கா வீடு அஜின்கோர்ட்டில், நகரத்தின் கிழக்கே. ஆட்டம் நடக்கும் இடம் வடமேற்கே, ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். ஃபிஞ்ச் தெருவில் பஸ் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். அரைமணி நேரம் ஜன்னலோரம் சுகமாகத் தூங்கினேன். விழித்தபோது பஸ்ஸில் நானும் ஒரு ஜமைக்கா மூதாட்டியும்தான் இருந்தோம். நான் போக வேண்டிய இடத்தைச் சொன்னதும் அவர் மடியிலிருந்த காய்கறிப் பையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "தம்பி, நீ ஏறவேண்டியது தெருவுக்கு அந்தப் பக்கம். இதிலேயே இருந்தால் ஏரியில்தான் இறங்குவாய்." சென்னையில் தப்பான பஸ் ஏறினால் நாலு பேர் சேர்ந்து திட்டி இறக்கிவிடுவார்கள். இங்கே யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. மரியாதைதான், ஆனால் அரைமணி நேரம் போயிற்று.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, தகுதிச் சுற்று ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்தேன். நடுவில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. ஃபுமியே.

ஃபுமியேவை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். சென்னையில் ஒரு சின்னப் போட்டிக்கு ஜப்பானிலிருந்து தனியாக வந்திருந்தாள், இருபத்து மூன்று வயதில். மே மாத வெயில். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டு, விடுதி அறையில் சுருண்டு கிடந்தாள். பேட்டிக்குப் போன நான் இளநீர் வாங்கி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காய்ச்சலோடு இறுதி ஆட்டம் ஆடி வென்றாள். நான் எழுதியது பன்னிரண்டு வரி. அதில் நாலு வரியை விளம்பரத்துக்காக வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அவளிடமிருந்து ஒரு கார்டு வரும். மூலையில் பேனாவால் ஓர் எண் இருக்கும். அது உலகத் தரவரிசையில் அவள் இடம். முதல் வருஷம் 402. பிறகு 260. அதற்கடுத்து 171, 133. போன வருஷம் 149, இந்த வருஷம் 154. எண் இறங்க இறங்க என் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அது மறுபடி ஏறியபோது என் மனைவி, "பாவம், முட்டி வலியா இருக்கும்" என்றாள். முட்டி வலிதான்.

சனிக்கிழமை அவள் வென்றாள். என்னைக் கண்டதும் வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு தரம் குனிந்து வணங்கினாள். வலது முட்டியில் தோல்நிறப் பட்டை. முகம் மெலிந்திருந்தது. ஒரு காகிதக் கோப்பைக் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு நிலைமையைச் சொன்னாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைப்பது நகோயாவில் ஒரு கம்பெனி. ஜப்பானில் வியாபாரம் படுத்துவிட்டதால் கம்பெனி டென்னிஸ் அணியைக் கலைக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் நூற்றைம்பதுக்குள் வருகிறவர்களை மட்டும் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வார்களாம். மற்றவர்களுக்குக் கம்பெனியிலேயே மேஜை, நாற்காலி, சரக்குப் பட்டியல்.

"இப்போது எத்தனை?" என்று கேட்டேன்.

"நூற்று ஐம்பத்தெட்டு. இங்கே பிரதான சுற்றுக்குள் போய் ஓர் ஆட்டம் வென்றால் போதும். இது ஆகஸ்டில் எனக்குக் கடைசிப் போட்டி."

ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். இரண்டே முக்கால் மணி நேரம் ஆடித் தோற்றாள். மூன்றாவது செட்டில் அவள் பந்துக்கு ஓடாமல் நடந்ததை நான் பார்த்தேன். பார்க்க எனக்கே முட்டி வலித்தது. தோற்ற கையோடு போட்டிக்காரர்கள் கொடுத்த ஹோட்டல் அறையும் போயிற்று. ஜெயிக்கும் வரைக்கும்தான் கட்டிலும் காலைச் சாப்பாடும் இலவசம்.

ஆனால் ஒரு கதவு மிச்சமிருந்தது. கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ஒரு தாள் உண்டு. தினமும் காலையில் பத்தரை மணிக்குள் நேரில் வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிரதான சுற்றில் யாராவது நோவு, காயம் என்று கடைசி நேரத்தில் விலகினால், கையெழுத்துப் போட்டவர்களில் தரவரிசையில் முன்னால் இருப்பவருக்கு அந்த இடம். லக்கி லூசர் என்று பெயர். தோற்றவர்களில் ஃபுமியேதான் முன்னால் இருந்தாள்.

அக்காவுக்குப் போன் செய்து அவள் தங்க இடம் தேடுகிறாள் என்றேன். அக்கா பிறந்தது திருச்சியில். சென்னையில் படிக்க வந்த யாழ்ப்பாணத்து யோகநாதனைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷமாகிறது. பேச்சு முழுக்க அந்த ஊராகிவிட்டது; ஆமாம்கூட ஓம் ஆகிவிட்டது.

"இதென்ன கேள்வி? ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய எங்கை போய்ப் படுக்கிறது? கூட்டிக்கொண்டு வா. மகளின்ர அறை சும்மாதானே கிடக்கு."

அன்று மாலை அக்கா வீட்டு மேஜையில் இரண்டு நாட்டு மரியாதைகள் மோதிக்கொண்டன. ஜப்பானில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமரியாதை. அக்கா வீட்டில் தட்டு காலியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஃபுமியே வழித்து வழித்துச் சாப்பிட, அக்கா அள்ளி அள்ளிப் போட்டாள். நாலாவது தடவை நான்தான் குறுக்கே கை வைத்துத் தடுத்தேன்.

மறுநாள் ஏழரைக்குப் புறப்பட வேண்டும் என்று ஃபுமியே சொன்னாள். அத்தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். அவருக்கு ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு இருபதுக்குத்தான் வீட்டுக்கு வருவார்.

திங்கட்கிழமை சொன்னபடி ஏழு இருபதுக்கு வந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, வேன் சாவியை எடுத்தார். ஃபுமியே ராக்கெட் பையோடு வாசலில் நின்றாள். அப்போது அக்கா சமையலறைச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஜெராட் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் கொடுத்த முருகன் படம் போட்ட நாட்காட்டி.

"இஞ்சரப்பா, நில்லுங்கோ. ஏழரை தாண்டீட்டுது. திங்கக்கிழமை ஏழரையில இருந்து ஒம்பது மட்டும் ராகுகாலம்."

அத்தான் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "ஓம், உது சரிதான். நல்ல காரியத்துக்குப் போற பிள்ளை. ஒம்பதுக்கு வெளிக்கிட்டா ஒம்பதே முக்காலுக்கு நிப்பம். ஃபோர் ஓ வண் ரோட்டில அரைமணி ஓட்டம். நீங்கள் யோசியாதேங்கோ."

ஃபுமியே என்னைப் பார்த்தாள். எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. என் கல்யாணத்தையே ராகுகாலத்தில் பதிவு செய்தவன் நான். ஒரு டாக்சியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பத்து நாளாக அவர்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவன், இரவு முழுக்க நின்று வேலை செய்து வந்த மனிதரின் முகத்தில் அடித்த மாதிரி டாக்சி கூப்பிடுவதா என்று தயங்கினேன். சோம்பலும்தான். மறுபடி உட்கார ஒரு சாக்குக் கிடைத்ததில் என் கால்களுக்குச் சந்தோஷம். "இது எங்கள் வழக்கம், ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் நேரம் இருக்கிறது" என்று அவளிடம் சொன்னேன்.

"சரி" என்று ஃபுமியே பையை இறக்கி வைத்தாள்.

அந்த ஒன்றரை மணி நேரம் அக்கா அவளுக்குப் புட்டும் சொதியும் போட்டாள். ஃபுமியே இரண்டு தடவை என்னிடம் மெதுவாக, "போகலாமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன் இரண்டு தடவையும். ஒன்பது ஐந்துக்கு, அக்கா அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட, புறப்பட்டோம்.

நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிஷத்தில் வேன் நின்றது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். ரேடியோவில் ஒருவர் உற்சாகமாக, ஒன்பது பத்துக்கு ஒரு லாரி கவிழ்ந்து மூன்று தடம் அடைபட்டிருப்பதாகச் சொன்னார். சென்னையாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பியிருப்பார்கள். ஆட்டோக்காரர் நடைபாதையில் ஏற்றி ஓட்டியிருப்பார். இங்கே எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் காரில் ஒருவர் பேப்பரை விரித்து வைத்துக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"சே, ஷெப்பர்ட் தெருவால போயிருக்கலாம்" என்று அத்தான் ஸ்டியரிங்கைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

ஃபுமியே ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்துக் கட்டினாள். அந்த நாடாவை எத்தனை தடவை கட்டினாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவள் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வாசலில் இறங்கியபோது பத்து முப்பத்திரண்டு. அத்தான் தூங்கப் போக வேண்டும் என்று வேனைத் திருப்பினார். ஃபுமியே அந்த முட்டியோடு ஓடினாள். நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். கூடாரத்துக்குள் மேஜைக்கு முன்னால் அவள் நின்றபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்து நாலு. மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் தாளை ஏற்கெனவே கோப்பில் வைத்திருந்தார்.

"வருந்துகிறேன் ஃபுமியே. பத்தரைக்கு மூடியாயிற்று. உனக்குத் தெரியுமே."

"தெரியும்" என்று ஃபுமியே குனிந்து வணங்கினாள். நான்தான் லாரி, சாலை, மூன்று தடம் என்று என்னென்னவோ சொன்னேன். ராகுகாலத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே விதி என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் தாள் மறுபடி திறக்கும். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் நேரத்துக்கு வருவதில்லை.

பத்தே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஓர் ஆட்டக்காரிக்குத் தோள்வலி, விலகிவிட்டார். இடம், கையெழுத்துப் போட்டிருந்த ஒரு பதினெட்டு வயதுச் செக் நாட்டுப் பெண்ணுக்கு. எதிராளி உள்ளூர்க்காரி. போன வருஷம் இரண்டு தடவை ஃபுமியேவிடம் தோற்றவள்.

"பார்க்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "பார்க்கிறேன்" என்றாள். வெயிலில் தகரப் பெஞ்சில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தோம். செக் நாட்டுப் பெண் ஒன்றே கால் மணி நேரத்தில் வென்றாள். ஃபுமியே எழுந்து நின்று கை தட்டினாள். பிறகு அக்கா கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். மறுபடியும் புட்டு. ஒரு துகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"என்னை மன்னித்துவிடு. நான் டாக்சி கூப்பிட்டிருக்க வேண்டும்" என்றேன்.

"டாக்சி நம்பர் என் பையிலும் இருந்தது, கிரி சார்" என்றாள். "உங்கள் அக்கா என் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்." பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்தாள். "ஒன்பது வயதில் ஆரம்பித்தேன். இருபது வருஷம். அப்பா மருந்துக் கடையை மூடிவிட்டு ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம் ரயிலில் கூட்டிப் போவார். ஒருநாளும் நான் தாமதமாகப் போனதில்லை." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டாள். ஆட்டத்துக்கு நடுவில் வியர்வை துடைப்பது போலத்தான் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

துண்டை எடுத்துவிட்டு, "அக்காவிடம் சொல்லாதீர்கள்" என்றாள்.

மாலையில் அத்தான் தூங்கி எழுந்து வந்து முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். "நேரத்துக்குப் போய்ச் சேந்தனீங்களோ?"

"எனக்காகக் காத்திருந்தார்கள்" என்றாள் ஃபுமியே. "ஆனால் யாரும் விலகவில்லை."

அவளுடைய ஆங்கில உச்சரிப்பு அத்தானுக்குப் பிடிபடாது; நான் அதைத் தமிழில் சொன்னேன். ஆயுளில் நிறைய மொழிபெயர்த்திருக்கிறேன், இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வரியை மொழிபெயர்த்ததில்லை. அத்தான் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. எனக்குப் படுத்தும் நித்திரை வரேல்லை மச்சான். பாத்தியே, ராகுகாலத்தில வெளிக்கிட்டிருந்தா உந்த லொறி எங்கட தலையில எல்லே விழுந்திருக்கும்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் அக்கா, தட்டு வைத்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை அக்கா எழுவதற்கு முன்பே ஃபுமியே முதல் பஸ்ஸில் போய்விட்டாள். எட்டு மணிக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். முதல் சுற்றின் கடைசி நாள் அது. மாலை வரை கால் பட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அன்று யாருக்கும் தோள் வலிக்கவில்லை.

அன்று மாலை அக்கா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்குள் கோயில். பக்கத்துக் கதவில் தரைவிரிப்பு வியாபாரம். அக்கா அர்ச்சனைச் சீட்டு வாங்க நின்றபோது நான் ஐயரிடம் ராகுகாலத்தைப் பற்றிச் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"ஏழரை ஒம்பதெண்டு நாட்காட்டியில கிடக்கிறது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊருக்கு" என்றார் ஐயர். "இஞ்சை இந்த மாசம் உதயம் பிந்தி, பகலும் நீளம். கணக்குப் பாத்தா திங்கக்கிழமை எட்டு மணி போலை தொடங்கி, பத்துக்குக் கொஞ்சம் முன்னம்தான் முடியும்."

ஏழரைக்குப் புறப்பட்டிருந்தால் ராகுகாலம் தொடங்குவதற்கு முன்பே சாலைக்கு வந்திருப்போம். லாரி கவிழ்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாள். நாங்கள் காத்திருந்து, திருநீறு பூசி, சரியாக ராகுவின் மடியில் கொண்டுபோய் அவளை உட்கார வைத்திருக்கிறோம். அக்கா சீட்டோடு வந்தாள். "யாற்றை பேருக்கு அர்ச்சனை?" என்று ஐயர் கேட்க, "ஃபுமியே" என்றாள் அக்கா. நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றதும் சுவாமி நட்சத்திரத்துக்கே செய்தார். நான் வெளியே வந்து செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை அவளுக்கு விமானம், மத்தியானம் மூன்றரைக்கு. பன்னிரண்டரைக்குப் புறப்பட்டால் போதும். ஆனால் புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை நாட்காட்டியில் ராகுகாலம். எனவே பத்தரைக்கே புறப்பட்டோம். இந்தத் தடவை ஃபுமியேவே நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்று, அக்கா விரல் வைத்துக் காட்டிய கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வழியில் எதுவும் கவிழவில்லை. பதினொன்று பத்துக்கு விமான நிலையம். அவள் விமானத்துக்கான கவுன்ட்டரில் ஆளில்லை, விளக்குக்கூடப் போடவில்லை. ஃபுமியே ராக்கெட் பையை இறக்கி, ஒருவருமில்லாத வரிசையில் முதலாவதாகப் போய் நின்றாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "வருஷப் பிறப்புக்குக் கார்டு வரும், கிரி சார். மூலையில் எண் இருக்காது."

குனிந்து அவள் பையைக் கவுன்ட்டருக்கு இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தேன்.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பாத்தியளே, நேரங்காலம் பாத்து வெளிக்கிட்டா ஒரு கரைச்சலும் இல்லை. பிள்ளை, அடுத்தமுறை வரேக்கை ஆட்டத்தை வெண்டுபோட்டுத்தான் போகவேணும். சொல்லு மச்சான் அவவுக்கு."

சொன்னேன். ஃபுமியே அவரைப் பார்த்து, இடுப்பு வரை குனிந்து, மூன்று நாளாக அந்த வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.

"ஓம்."

அத்தான் பூரித்துப்போனார். கவுன்ட்டர் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.